ரதி வேஷம் கட்டிய வாத்தியார்

சென்ற இரண்டு இதழ்களிலும் இந்தப் பக்கம் வரவில்லை. மார்கழிக் கடைசியில் அப்பா தவறிவிட்டார். 79 வயது. வழக்கமாக இங்கே சொல்லுக்குப் பொருள் கேட்பீர்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பீர்கள், ஒருமுறை ஒருவர் ரொட்டி ஏன் கல்லாகிறது என்றுகூடக் கேட்டிருந்தார். இந்த முறை வந்த தபாலில் அரைவாசிக்கு மேல் அப்பாவைப் பற்றியது. மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், உங்கள் அப்பாவின் இரங்கல் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ஒருவர் பாடகர் என்றார், ஒருவர் ஆய்வாளர் என்றார், இன்னொருவர் நல்ல குடும்பஸ்தர் என்றார். எங்களுக்கு அவர் கணக்கு வாத்தியார். எது சரி?
— பழைய மாணவர் ஒருவர், பொகவந்தலாவை

கணக்கு வாத்தியார் என்பதுதான் சரி. சம்பளம் அதற்குத்தான் வந்தது.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், 1945இல் பிறந்தவர். தாத்தா கவ்வாத்து வெட்டினார், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்தார், அப்பாயி கொழுந்து எடுத்தார். தோட்டப் பள்ளியில் ஐந்து வகுப்பு. அதற்கு மேல் அட்டனுக்குப் போக வேண்டும். பாதி நாள் நடை, பாதி நாள் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு. படித்துவிட்டுத் திரும்பி, தான் அகரம் எழுதிய அதே பள்ளிக்கு வாத்தியாராக வந்தார். ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அப்போது தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1970களின் பிற்பாதியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

நீங்கள் அவரிடம் படித்தவர் என்றால் ஏழாம் வாய்ப்பாடு ஞாபகம் இருக்கும். ஆறு வரைக்கும் ஒரு தாளம், ஏழுக்கு வந்ததும் தப்புப் பறைக்காரர்கள் அடி மாற்றுவதுபோல மேசையில் மாற்றித் தட்டுவார். எனக்கு இன்றைக்கும் ஏழேழு நாற்பத்தொன்பது என்று சும்மா சொல்ல வராது, விரல் தானாகத் தட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை 40 வயதுக்கு மேல் எழுதித் தேறினார். நானும் அவரும் ஒரே குப்பி விளக்கில் படித்தோம். நான் சாதாரண தரப் பரீட்சைக்கு, அவர் தொல்காப்பியம். கூட்டத்தில் ஆளுக்கொரு பட்டமாகப் பிரித்துக் கொடுத்தார்கள், நல்லதுதான். வீட்டில் அப்படிப் பிரித்துப் பார்க்க இடம் காணாது, காம்பரா சின்னது.

காமன்கூத்தில் அவர் என்ன வேஷம் கட்டுவார்? எங்கள் தோட்டத்தில் இப்போது கூத்தே நின்றுபோய்விட்டது.
— ஓர் இளைஞர், மஸ்கெலியா

ரதி.

வாத்தியாராகி நாலைந்து வருடம் கழித்தும் ரதிதான். மீசை வைக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். குரல் பெண் குரல் இல்லை, ஆனால் மேலே போனால் உடையாது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து தோட்டம் வேறு தோட்டம். பகலில் மலையில் நிற்கிறவர்கள் இராத்திரியில் தேவர்களாகவும் எமனாகவும் வீரபத்திரராகவும் ஆகிவிடுவார்கள். தோட்டத்துத் துரைக்கு முன்னால் தலை நிமிராத ஒரு மாமா வீரபத்திரர் வேஷத்தில் வந்தால் நாங்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வோம். கடைசி இரவில், சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுப்பாள், மதன் கேட்கமாட்டான், போவான், எரிவான். பிறகு ரதியின் புலம்பல். அதற்காகவே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பந்தம் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

அப்பா ஒன்று சொல்வார். "ரதி அழும்போது சனம் மதனுக்காக அழாது. அந்த வருஷம் அவங்கவங்க வீட்டுல போன ஆளுக்காக அழும். அதனால புலம்பல்ல அவசரப்படக் கூடாது, எல்லாரும் அழுது முடிக்க நேரம் குடுக்கணும்." புலம்பலுக்கு நடுவில் இரண்டு இடத்தில் வெறும் தப்பை மட்டும் விட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஒரு கேவல் எழும் என்று அவருக்கு முன்பே தெரியும். இதைத் தந்திரம் என்று சொல்வதா, அன்பு என்று சொல்வதா? என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

1970இல் கல்யாணம். அடுத்த மாசியில் ரதிக்கு அம்மாவின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். பந்தம் பிடித்தவர் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டார், முந்தானையில் ஒரு சாண் கருகிவிட்டது. அம்மா அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மடித்துத் தைத்தார். அந்தக் கரை இன்னும் இருக்கிறது. அதற்கடுத்த வருடமே அப்பா ரதியை ஓர் இளைய பையனுக்குக் கொடுத்துவிட்டுக் கூத்து வாத்தியாராகிவிட்டார். வயது ஏறிவிட்டது என்று வெளியில் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தப்பு அடிப்பது இன்னாருடைய வேலை என்று நம் ஆட்களே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. வாத்தியார் தப்பைத் தொடலாமா என்று கோவில் கமிட்டியில் கேட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் முற்றத்திலேயே சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி, தோலை வாட்டி, சத்தம் கணீரென்று வரும்வரை திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியுமாக அரை மணித்தியாலம் அடித்தார். பிறகு கை கழுவிவிட்டு உள்ளே போய்த் தேவாரம் பாடினார். அதற்குப் பிறகும் கேட்டவர்கள் உண்டு, ஆனால் அவர் காதுபடக் கேட்கவில்லை.

அவர் கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவரா?
— சங்கீத ஆசிரியை, கண்டி

இல்லை. ரேடியோதான் குரு. ஒரு பழைய சுருதிப்பெட்டி வைத்திருந்தார், அதன் துருத்தியில் ஓட்டை. அம்மா சாக்குத் துண்டு ஒட்டிக் கொடுத்தார். ராகத்தின் பெயர் தெரியாமல் சரியாகப் பாடுவார். பெயர் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் பயந்து பாடினார். முந்தியதுதான் எனக்குப் பிடிக்கும்.

'லயம்' என்ற சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று என் மகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பா இதைப் பற்றி எழுதியிருக்கிறாராமே?
— ஒரு தாய், பண்டாரவளை

எழுதினார். லைன் என்ற ஆங்கிலச் சொல்தான் லயம் ஆனது, வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். அவரிடம் இதே கேள்வியைக் கேட்ட ஒருவருக்கு, "சொல்லு லைன்ல இருந்து வந்தது, வீடு லாயத்துல இருந்து வந்தது" என்றார். மகனிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

காலையில் பேர் கொடுக்கிற பிரட்டு என்பது பரேட். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கண்டக்டர். காம்பரா போர்த்துக்கீசர் விட்டுப்போனது, வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது. கங்காணி மட்டும் நம்முடைய சொந்தச் சரக்கு, கண்காணிக்கிறவன். "நம்மள அடிச்சது மட்டும் சுத்தத் தமிழ்ல" என்று சிரிப்பார்.

தோட்டத்துப் பாட்டுகளை எப்படிச் சேர்த்தார்? நானும் எங்கள் தோட்டத்து ஆயாக்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்களே தவிரப் பாடமாட்டேன் என்கிறார்கள்.
— பல்கலைக்கழக மாணவி, தலவாக்கலை

தங்கச்சி, கேட்டதுதான் பிழை. கேட்டால் பாட்டு ஒளிந்துகொள்ளும் என்பது அவருடைய கட்சி. போய் உட்கார்ந்து வேறு எதையாவது பேச வேண்டும், கீரை ஆய்ந்து கொடுக்க வேண்டும், பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு தானாக வெளியே வரும். வந்தாலும் உடனே பென்சிலை எடுக்கக் கூடாது.

அவருக்கு வழிகாட்டி சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போய், கவிதை எழுதி, தொழிற்சங்கம் நடத்தி, அதற்கிடையில் நம் பாட்டுகளைத் திரட்டி அச்சேற்றியவர். அதற்கும் முந்திய தலைமுறையில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாகவே பேசினார். மேடைக்கு எழுதின பாட்டும் மலையில் பிறந்த பாட்டும் எங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன என்பதைத்தான் அப்பா வருடக்கணக்காகத் துருவிக்கொண்டிருந்தார்.

பாட்டின் வயதைச் சொல்லைப் பிடித்துக் கணிப்பார். இதை உங்கள் ஆய்வில் எடுத்துக்கொள்ளலாம். 'துண்டு' என்று வந்தால் அந்தப் பாட்டு 1921க்கு முந்தியது என்று குறிப்பார். கடன் தீர்ந்ததற்குத் துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது என்ற முறை அந்த வருடத்தோடு ஒழிந்தது. 'கோப்பி' (காப்பி) என்று வந்தால் இன்னும் பழசு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். இரண்டு வருடத்தில் கோப்பிக்கு இலை நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்தன. ஆனால் எங்கள் லயத்தில் கோப்பிச் செடியையே பார்க்காத ஒரு கிழவி கோப்பிப் பழம் பறிக்கிற பாட்டைச் சொல்லி முறத்தில் அரிசி புடைப்பார். நூறு வருடம் வாயிலேயே கிடந்த பழம்.

சரி, இப்போது கூட்டத்தில் யாரும் சொல்லாத விஷயம். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் அம்மா கொண்டுவந்தவை. அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தார், மலையில் நின்றது அம்மா. நிரையில் பக்கத்தில் நிற்கிறவர் பாடினால் அம்மா கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பால் கூடையைத் தட்டிப் பின்பாட்டுப் பாடி மனதில் ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் தலைக்கயிற்றைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உதறிப் போட்டு, அடுப்பு மூட்டும்போது அது முணுமுணுப்பாக வரும். அப்பா இஸ்தோப்பில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி (நோட்டு) திருத்துவதுபோல உட்கார்ந்திருப்பார். தோட்டத்துப் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகங்களின் வெறும் பக்கத்தில் எழுதியவைதான் முதல் கொப்பிகள். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஒரு கட்டம் போட்டு, பாடியவர் பெயர், லயத்து நம்பர், எந்த மலையில் கொழுந்து எடுக்கும்போது கேட்டது என்று குறிப்பார். பெயர் தெரியாத பாட்டை யாருக்கும் காட்டமாட்டார். "தகப்பன் பேர் இல்லாத புள்ளைகூடப் பள்ளிக்கூடத்துல சேரலாம், பாடுனவ பேர் இல்லாத பாட்டு வேணாம்" என்பார். பிற்காலத்தில் அவர் கட்டுரைகளை அச்சிட்ட சிலர் அந்தக் கட்டங்களை இடம் போதாது என்று எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கலைஞர்கள் வீட்டுக்கு உதவமாட்டார்கள் என்பார்கள். உங்கள் அப்பா எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகி, நாவலப்பிட்டி

உண்மையைத்தானே? மூன்று பெண் பிள்ளைகளுக்கும் தலை பின்னியது அவர். அம்மா பிரட்டுக்குப் போகிற நேரத்தில் நாங்கள் கண் திறந்திருக்கமாட்டோம். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தேத்தண்ணி ஊற்றி, மூன்று தலையையும் சீவி எட்டு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிடுவார். பின்னல் கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆம்பளை பின்னிய தலை என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அதற்காக அவரை உத்தமராக்க வேண்டாம். 1977க்குப் பிறகு டவுன் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்தது. 1979இல் ஒரு நாள் டேப் ரெக்கோடர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கியது. அம்மாவிடம் கேட்கவில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்த தோடு.

எட்டு நாள் அம்மா அவரோடு பேசவில்லை. சோறு வைப்பார், பேசமாட்டார். ஒன்பதாம் நாள் பேசினார், நன்றாகவே பேசினார். அப்பா ஓசைப்படாமல் பொத்தானை அழுத்திவிட்டார். அந்த ரெக்கோடரில் பதிவான முதல் குரல் அதுதான்: "இந்தப் பொட்டிக்கு எந் தோடு கேக்குதா? ஒங்க வாய் பாடாத பாட்ட இது பாடிருமா?" பின்னால் தங்கை அழுகிறாள், எங்கேயோ ஒரு சேவல் கூவுகிறது. கெசட்டின் மேல் அப்பா கையெழுத்தில் '1. வசை' என்று இருக்கிறது. கட்டத்தில் அம்மாவின் பெயர், லயத்து நம்பர் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். தோடு திரும்பி வரவே இல்லை. நான் வேலைக்குப் போன பிறகு வாங்கிக் கொடுத்ததுதான் இப்போது அம்மா காதில் இருப்பது.

தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போனவர்களை வழியனுப்ப அவர் ஸ்டேஷனில் பாடுவார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
— வாசகர், கோத்தகிரி, நீலகிரி

உண்மை. உங்கள் தாத்தாவையும் அவர் பாடி அனுப்பியிருக்கக்கூடும்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த நம் சனத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் அதையும் சரிபாதியாக வெட்டினார்கள். ஒரே காம்பராவில் அண்ணன் ஒரு விண்ணப்பம் நிரப்புவார், தம்பி வேறு விண்ணப்பம் நிரப்புவார். கோச்சி, அதாவது ரயில், ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். அழுகைக் கோச்சி என்று பெயரே வந்துவிட்டது. அப்பா அட்டன் ஸ்டேஷனில் நின்று பாடுவார். போகிறவர்கள் கேட்பார்கள், மறுக்கமாட்டார்.

1973இல் பெரியப்பா குடும்பம் புறப்பட்டது. அப்பாயியும் அவர்களோடு. மூத்த மகனோடுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வயது, அம்மா சொல்லித்தான் தெரியும். ஸ்டேஷனில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்களாம். தப்புக்காரர் அடியையும் தொடங்கிவிட்டார். அப்பாவுக்கு வாய் திறக்கவில்லை. வண்டி நகர்ந்து வளைவில் மறைகிறவரைக்கும் தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்ததாம்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டேஷனில் பாடியதில்லை. பாட்டுகளை எழுதத் தொடங்கியது அந்த வருடம்தான்.

அவருடைய கொப்பிகள் இப்போது யாரிடம்? புத்தகமாக வருமா?
— நூலகர் ஒருவர், நுவரெலியா

மொத்தம் 11 கொப்பிகள். இரண்டு போய்விட்டன. 1983 ஆடிக் கலவரத்தில் டவுனில் கடைகள் எரிந்த இரண்டு இரவும் நாங்கள் தேயிலைக்குள் படுத்திருந்தோம். கொப்பிகளை அம்மா கொழுந்துச் சாக்கில் கட்டித் தண்ணீர்க் கானுக்குள் மறைத்து வைத்தார். மழை பெய்தது. அடியில் இருந்த இரண்டும் ஊறிக் கூழாகிவிட்டன. மிச்சம் ஒன்பதும் என்னிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் படி எடுக்கிறேன். புத்தகம் வரும், கட்டங்களோடு வரும்.

படி எடுக்கும்போதுதான் முதல் கொப்பியின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அப்பா யாருக்கும் காட்டாத பக்கம். கட்டத்தில் அப்பாயியின் பெயர். கீழே ஒரு தாலாட்டு, தொட்டில் கட்டக் கயிறு கிடைக்காமல் படங்கைக் கிழித்துக் கட்டிய கதை. நாலு வரி, அதற்குப் பிறகு வெறும் பக்கம். 50 வருடமாக வெறும் பக்கம். அதற்குள் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தார், பெரியப்பா எழுதியது. மிச்ச வரியைக் கேட்டு எழுதச் சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். 'அம்மா சொல்லமாட்டேன் என்கிறது. நேரில் வந்தால் பாடுவேன் என்கிறது' என்று பதில். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் கிடைப்பதற்குள், 1978இல், அப்பாயி கோத்தகிரியில் இறந்துபோனார்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், கொப்பிகளைத் திறந்து பார்த்ததில்லை. அந்த நாலு வரியைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே ஐந்தாம் வரியைச் சொன்னார். பிறகு ஆறு, ஏழு, முடிவு வரைக்கும்.

"ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"அத்தை ஒங்க அக்காவத் தாலாட்டுனதே இதச் சொல்லித்தான். மூணு வருஷம் ஒரே காம்பராவுல இருந்தேனே."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"அவரு கேக்கலியே."

பேனாவை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எழுதி முடித்துவிட்டு, கட்டத்தில் அப்பாயி பெயரோடு உங்கள் பெயரையும் போடவா என்று கேட்டேன். அத்தை பெயர் மட்டும் போதும் என்றார். கொஞ்சம் கழித்து, கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "சரி, கீழ சின்னதா எம் பேரையும் போடு. லயத்து நம்பர் அதேதான்" என்றார்.